பார்க்காத இடம்

நான் முன்பு வேலை பார்த்த நூலகத்திலிருந்து போன மாதம் பவித்ரா போன் செய்தாள். குறிப்புதவிப் பிரிவை இப்போது அவள்தான் கவனிக்கிறாள். புதிதாக இரண்டு பேர் வேலைக்கு வந்திருக்கிறார்களாம். யாராவது வந்து ஒரு தொண்டு நிறுவனத்தைப் பற்றி விசாரித்தால் எப்படித் தேடிச் சொல்ல வேண்டும் என்று பத்து வரியில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். "இப்பல்லாம் போன்ல கேட்டாலே சொல்லிடுது மேடம். ஆனாலும் நீங்க எழுதினது ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். பத்து வரியும் வந்தது. படித்துப் பார்த்தால் ஒரு தப்பும் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தப் பத்து வரியும் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்த காலத்தில்தான் ஒரு பெண்ணைத் தப்பான இடத்துக்கு அனுப்பி வைத்தேன்.

நூலக அறிவியல் படித்ததையும், புத்தக முதுகில் எண் ஒட்டிக் கழித்த முதல் சில வருடங்களையும் விட்டுவிடுகிறேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. குறிப்புதவிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அகராதி கேட்டு வருவார்கள், அரசிதழ் கேட்டு வருவார்கள் என்று நினைத்துப் போனால், பாதிப் பேர் கேட்டது அறக்கட்டளைகளைப் பற்றித்தான். காஞ்சிபுரத்தில் அது அதிசயமில்லை. அன்னதானத்துக்கு ஒன்று, கோசாலைக்கு ஒன்று, நெசவாளர் பிள்ளைகள் படிப்புக்கு ஒன்று என்று தெருவுக்குத் தெரு பலகை தொங்கும். மகனுக்கு ஆபரேஷன் செய்ய உதவி கேட்டு யாருக்கு எழுதலாம் என்று வருவார்கள். தாத்தா நினைவாக அரிசி மூட்டை கொடுக்க நினைக்கிறோம், இந்த ஆட்கள் நிஜமானவர்களா என்று வருவார்கள். கேட்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான், நல்ல இடமா இல்லையா.

அந்தக் கேள்விக்கு எங்கள் நூலகர் வேதாசலம் சார் கடைசி வரை பதில் சொன்னதில்லை. நெட்டையான மனிதர், கண்ணாடியைக் கறுப்பு நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எதையாவது தேடும்போது உட்கார மாட்டார். உட்கார்ந்தால் கிடைத்த வரைக்கும் போதும் என்று தோன்றிவிடுமாம். கோபம் வந்தாலும் குரல் உயராது. எனக்கு அதுதான் பயம்.

அவர் ஒரு தேடல் சீட்டு வைத்திருந்தார். அரைத்தாள் அளவு, நாலு கட்டம். முதல் கட்டத்தில் கேள்வி. இரண்டாவதில் எங்கே பார்த்தோம். மூன்றாவதில் என்ன கிடைத்தது. நாலாவது கட்டத்தின் தலைப்பு 'பார்க்காத இடம்'. சங்கமாகப் பதிந்திருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். அறக்கட்டளையாகப் பத்திரம் எழுதியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். இரண்டும் வெவ்வேறு புத்தகம். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்க நேரமில்லை என்றால் அதை நாலாவது கட்டத்தில் எழுத வேண்டும். நேரில் போகவில்லையா, எழுது. தொலைபேசியில் கூப்பிட்டு யாரும் எடுக்கவில்லையா, அதையும் எழுது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சீட்டில் கையெழுத்துப் போட மாட்டார். என் மேஜையில் கொண்டுவந்து கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். ஒரே சீட்டு மூன்று தடவை திரும்பி வந்து நான் கழிவறையில் போய் அழுத நாளும் உண்டு.

திருப்புட்குழியில் ஒரு அன்னதான அறக்கட்டளை. ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருகிறார்கள், விசாரித்துச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். பஸ் ஏறிப் போனேன். தகரக் கொட்டகை, பூட்டு, பூட்டின் மேல் ஒட்டடை. 'நேரில் பார்த்தேன், பூட்டிக் கிடக்கிறது, இயங்குவதாகத் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டு கவிழ்ந்து வந்தது. காரணம் கேட்டேன்.

"என்னிக்குப் போனே?"

"நேத்து சார்."

"நேத்து என்ன நாளு?"

எனக்குப் புரியவில்லை. பத்து நாள் கழித்து அவரே போகச் சொன்னார். அன்றைக்கு அமாவாசை. முன்னோருக்குச் செய்ய வந்த கூட்டம் திருப்புட்குழிக் குளக்கரையில் நிற்க இடமில்லாமல் நின்றது. அந்தக் கொட்டகையில் ஆறு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மாதத்தில் ஒரு நாள்தான் அவர்களுக்கு வேலை. மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். திரும்பி வந்து, 'அமாவாசையில்லாத நாளில் பார்த்தது செல்லாது' என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். சிரித்தாரா என்று பார்த்தேன், இல்லை.

"நல்லதா கெட்டதான்னு சொல்றது நம்ம வேலை இல்லம்மா" என்றார் அன்று. "எங்க பார்த்தோம், எங்க பார்க்கல. அத சொல்லிட்டா மீதிய அவங்க பார்த்துப்பாங்க. அவங்க ஒண்ணும் முட்டாளு இல்ல."

அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலி எனக்கு வந்தது. கூடவே கம்ப்யூட்டரும் இணையமும் வந்தன. அரசாங்க இணையதளத்தில் பெயரை அடித்தால் தொண்டு நிறுவனத்தின் பதிவு எண், நிர்வாகிகள், முகவரி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆண்டறிக்கையை அவர்களே போட்டிருப்பார்கள். முன்பு நாலு நாள் அலைந்து சேர்த்ததை நாற்பது நிமிடத்தில் சேர்த்துவிடுவேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாருடைய பழைய சீட்டைக் கம்ப்யூட்டரில் அடித்தபோது நாலாவது கட்டம் அடுத்த பக்கத்துக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாள் எதற்கு என்று அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

மல்லிகா வந்தது அதற்கு அப்புறம். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவள், கணவர் இல்லை. கூட வந்த மகள் தேவிக்கு இருபத்து மூன்று வயது. உடம்புதான் இருபத்து மூன்று, மனதுக்கு நாலைந்து வயதுக்கு மேல் இருக்காது. நான் தாள் எடுப்பதற்குள் தேவி என் மேஜை மேலிருந்த ரப்பர் வளையங்களை எல்லாம் எடுத்து நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கி வைத்துவிட்டாள். மல்லிகாவுக்கு ஒரு தடவை மாரடைப்பு வந்திருந்தது. அடுத்த தடவை வந்தால் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சொந்தக்காரர்கள் யாரும் பெண்ணை ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை.

"எனக்கு அப்பால இவள யாரு பார்த்துப்பாங்கன்றதுதான் மேடம். ரெண்டு எடம் சொல்லியிருக்காங்க. எது நல்ல எடம்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. எனக்குப் படிப்பு இல்ல. நீங்க சொன்னா நான் கண்ண மூடிக்கினு போயிடுவேன்."

ஒன்று, மாகறலில் வசந்தா சிஸ்டர் என்று ஒரு ஓய்வு பெற்ற நர்ஸ் நடத்தும் இல்லம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருப்பதாகக் கேள்வி. இன்னொன்று வெளி மாவட்டத்தில் ஒரு பெரிய இல்லம். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

மறுநாள் காலையில் தேடினேன். பெரிய இல்லத்துக்கு எல்லாமே இருந்தது. பதிவு எண், வருமான வரிச் சான்று, உரிமம், அழகான இணையதளம், மூன்று வருட ஆண்டறிக்கை. அறிக்கையில் பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காகிதப் பூ செய்யும் படங்கள். மாகறல் இல்லத்துக்கு அரசு இணையதளத்தில் ஒன்றும் இல்லை. பெயரை மாற்றி மாற்றி அடித்தேன். உரிமம் பெற்ற இல்லங்களின் பட்டியலிலும் இல்லை. சீட்டில் பெரிய இல்லத்துக்குப் பதினோரு வரி எழுதினேன். மாகறலுக்கு ஒரே வரி, 'பதிவு எதுவும் கிடைக்கவில்லை.'

மல்லிகா வந்ததும் படித்துக் காட்டினேன். சீட்டில் எழுதாத ஒன்றையும் சொன்னேன். அதைத்தான் இன்று வரை மறக்க முடியவில்லை. "அந்த மாகறல் இடம் பேருக்குக்கூட ஒண்ணும் இல்லம்மா" என்றேன், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. அவள் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அது போதும் என்று எழுந்துவிட்டாள்.

சேர்க்கைப் படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் கூட வரச் சொன்னாள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். இரும்புக் கேட் அருகே தேவி நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை. அம்மா இழுத்தும் நகரவில்லை. நான்தான் கையைப் பிடித்து, உள்ளே ரப்பர் வளையம் நிறைய இருக்கிறது வா என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கை ஈரமாக இருந்தது. அலுவலக அறை சுத்தமாக இருந்தது. பெண்கள் இருக்கும் பகுதியைப் பார்க்கக் கேட்டோம், தூங்கும் நேரம் என்றார்கள். காலை பதினொரு மணிக்கு என்ன தூக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேவியை அங்கே சேர்த்த பிறகு முதல் ஒன்றிரண்டு மாதம் மல்லிகாவைப் பார்க்க விடவில்லை. பழகும் வரை வரக்கூடாது என்றார்களாம். அதன் பிறகு விட்டபோதும் பத்து நிமிடம், அலுவலக அறையில் மட்டும். ஏழாவது மாதம் மல்லிகா சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். விஷயம் எனக்கு அவள் தெருக்காரர் ஒருவர் மூலம் தெரிந்தது. தலையை மழித்திருந்தார்களாம். பூட்டிய கூடத்தில் பகலெல்லாம் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்களாம். அடித்தார்களா என்று தெரியாது, சொல்லத் தேவிக்குப் பேச்சு வராது. எலும்பும் தோலுமாக வந்திருக்கிறாள் என்றார் அவர்.

 மறுநாள் லீவு சொல்லிவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் தேட மனுப் போட்டேன். இரண்டு நாளில் கிடைத்தது. மாகறல் இல்லத்தின் அறக்கட்டளைப் பத்திரம் முறையாகப் பதிவாகி இருந்தது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உரிமக் கோப்பும் இருந்தது, வருடா வருடம் அதிகாரி நேரில் பார்த்து எழுதிய குறிப்போடு. இணையத்தில் இருந்த பட்டியல் பழசு, புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றார் அங்கிருந்த எழுத்தர். அந்த அரசு இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயமும் இல்லை, அரசு உதவி கேட்கிறவர்கள் பதிவார்கள். வசந்தா சிஸ்டர் உதவி கேட்டு யாருக்கும் எழுதியதில்லை. இரண்டு அலுவலகமும் என் நூலகத்திலிருந்து நடக்கும் தூரம். நான் நடக்கவில்லை.

வேதாசலம் சார் வீட்டுக்குப் போனேன். பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார், பேச்சு மெதுவாகத்தான் வரும். நாலாவது கட்டத்தை எடுத்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். கட்டத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குது?"

"வீட்டுல சார்."

"போயி பார்த்தியா?"

நான் போயிருக்கவில்லை. அங்கிருந்து பிள்ளையார்பாளையம் போனேன். போகும் வழியில் நூலகத்தில் ஏறி, பெரிய இல்லத்தின் மூன்று ஆண்டறிக்கைகளையும் அச்செடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியவில்லை. எதை வைத்து ஏமாந்தேன் என்று காட்டினால் என் குற்றம் கொஞ்சம் குறையும் என்று நினைத்திருப்பேன்.

மல்லிகா தறியில் இருந்தாள். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை, உட்காரச் சொன்னாள். தேவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், திரும்பவில்லை. மாகறல் விஷயத்தைச் சொன்னேன். பத்திரம் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, நான் பார்க்கவில்லை என்றேன். பிறகு இந்த அறிக்கைகளைப் பார்த்துத்தான் நம்பினேன் என்று தாள்களை நீட்டினேன். அவள் எழுத்துப் பக்கங்களைத் தள்ளிவிட்டு மூன்று வருடப் படங்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். குனிந்து பார்த்தாள்.

"இது மூணு வருசத்துப் படம் இல்ல மேடம். ஒரே நாளு."

எப்படி என்றேன். படத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் இடுப்பில் விரலை வைத்தாள்.

"இந்தக் கொசுவத்தப் பாருங்க. ரெண்டாவது மடிப்பு வெளிய தள்ளிக்கினு இருக்குது. இதுலயும் அப்படியே. இதுலயும் அப்படியே. அவுத்துக் கட்டுன சேல மறுபடி அதே மாதிரி விழாது மேடம். ஒரு தடவ உக்கார வச்சி, நாலு பக்கமா நின்னு எடுத்துக்கினு இருக்காங்க."

அந்தப் படங்களை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. நான் பார்த்தது கீழே அச்சடித்திருந்த வருடத்தை. அவளோ பிறந்ததிலிருந்து சேலையைப் பார்த்து வளர்ந்தவள். அன்று நூலகத்தில் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பியிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். படிக்கத் தெரியாதவளுக்கு என்ன காட்டுவது என்று நான் திருப்பவில்லை. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மல்லிகா தாள்களை அடுக்கி என்னிடமே கொடுத்தாள்.

"மாகறலுக்கு பஸ்ஸு போகுது மேடம். அங்க நான் பார்க்கலன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே போயி பார்த்துட்டு வந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் எழுந்து தறிக்குப் போனாள், நானும் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் மாகறல் போனோம். இந்தத் தடவை நான் பேசவில்லை. மல்லிகா சமையலறைக்குப் போனாள், குளியலறையைத் திறந்து பார்த்தாள், கொடியில் காய்ந்த துணிகளைத் தொட்டுப் பார்த்தாள். அங்கிருந்த பெண்களின் தலைமுடியில் எண்ணெய் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள். சாயங்காலம் வரை இருந்தோம். கடைசியில் வசந்தா சிஸ்டரிடம் கேட்டாள். இடம் இல்லை என்றார் சிஸ்டர். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கட்டில் காலியாக இருந்ததாம், பிறகு வேறு பெண் வந்துவிட்டாளாம். மல்லிகா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் எங்கே பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை.

"கட்டிலு இல்லன்னா என்னம்மா, பகல்ல கூட்டிக்கினு வாங்க" என்றார் சிஸ்டர். "முதல்ல அதுக்கு மனுசங்க மேல இருக்குற பயம் போகட்டும்."

ஒன்றரை வருடம் மல்லிகா தேவியைத் தினமும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள், அந்த இதயத்தை வைத்துக்கொண்டு. காலையில் விட்டுவிட்டு வந்து நெய்வாள், மாலையில் போய் அழைத்து வருவாள். பிறகு ஒரு கட்டில் கிடைத்தது. மல்லிகா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அவள் இறந்த அன்று தேவி மாகறலில் பத்திரமாக இருந்தாள். சிஸ்டர்தான் கூட்டி வந்து அம்மா முகத்தைக் காட்டினார். மல்லிகா பயந்தது நடக்கவில்லை. அதற்கு நான் காரணமில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வேலையில் இருந்த கடைசி ஐந்து வருடமும் சாருடைய பழைய சீட்டைத்தான் பயன்படுத்தினேன், இரண்டு தாளாக. கேட்க வந்தவர் பக்கம் திரையைத் திருப்பி வைத்தேன், படிக்கத் தெரிந்தவரோ தெரியாதவரோ. பவித்ரா, பத்து வரிக்குப் பதில் இந்த இரண்டைச் சொல்லிக் கொடுத்தாலே போதும். உங்கள் போன் உடனே பதில் சொல்கிறது என்றாய். எங்கே பார்க்கவில்லை என்பதையும் அது சொல்கிறதா என்று கேட்டுப் பார்.

மாதம் ஒரு தடவை மாகறல் போகிறேன். கட்டில் கிடைத்த பிறகு முதல் தடவை போனபோது தேவி என்னைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிலின் இரும்புக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவள் போட்ட சத்தத்தில் மற்ற பெண்களும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். என் பெயர் அவளுக்குத் தெரியாது. அந்தப் பெரிய இல்லத்தின் கேட்டுக்குள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் நான் என்பது மட்டும் தெரிகிறது. கொஞ்ச நாளைக்கு உள்ளே வர வேண்டாம் மேடம் என்று சிஸ்டர் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறார்கள். கொண்டுபோன பழத்தைச் சமையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

போன மாதம் தேவி தானாகவே சமையலறை வாசல் வரை வந்தாள். முடி இடுப்பு வரை வளர்ந்துவிட்டது, யாரோ இரட்டைச் சடை போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். சத்தம் போடவில்லை, ஓடவும் இல்லை. வாசலை ஒட்டிய ஜன்னல் கம்பியை ஒரு கையால் மட்டும் பிடித்திருந்தாள்.